நாக்குக்கும் ஊர் சுற்றிக் காட்டுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசுங்க" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது. சமையல்கட்டிலிருந்து வாசனை வேறு வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் கொதிகலனைப் பற்றிப் பேசினால் பாவம் சேரும். அதனால் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறேன். அதுவும் தொழில் அனுபவம்தான்.

நம் கல்லூரியில் படித்துவிட்டு வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போய், ஆறு மாதத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். மூவரும் கெட்டிக்காரர்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "சாப்பாடு ஒத்துக்கலை அண்ணா." வேலை பிடிக்கவில்லை, சம்பளம் போதவில்லை என்றால் புரிகிறது. நாக்கு ஒருவனுடைய பிழைப்பையே தீர்மானிக்கலாமா?

"நம்ம சாப்பாடு" என்கிறோமே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கக் கண்டத்தை எட்டுகிற வரை இந்த நாட்டில் யாரும் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை. போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் அது இங்கே வந்தது. அதுவரை நம் காரம் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். புதிதாக வந்த காய்க்கு மிளகை வைத்தே மிளகாய் என்று பெயர் போட்டோம். தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அதே வழியில் வந்த விருந்தாளிகள். பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றைக்கும் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, மிளகுதான். பழைய நாக்கின் ஞாபகம் அந்த ஒரு இலையில் மட்டும் மிச்சமிருக்கிறது. காப்பியும் அப்படித்தான். நூறு வருஷத்துக்கு முன் அதை எதிர்த்து நம் ஊரில் எவ்வளவு பேசினார்கள் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இன்று காப்பி இல்லாமல் நமக்கு விடிகிறதா?

ஒரு சமூகத்தின் நாக்கு இவ்வளவு மாற முடியுமென்றால், ஒரு ஆளின் நாக்கு மாறாதா?

நான் 2011-ல் இங்கே படிப்பை முடித்ததும் குஜராத்தில் பரூச் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் சேர்ந்தேன். பருப்பில் வெல்லம். எங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆளுக்கு அது பாயசத்துக்கும் குழம்புக்கும் நடுவே நிற்கிற ஒரு பொருள். எனக்குக் கைகொடுத்தது அவர்களுடைய கடி. தயிரும் கடலைமாவும் சேர்த்துக் கொதிக்க வைத்துத் தாளித்தது. நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை! அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்து டோக்ளாவுக்குப் போனேன். அதுவும் இட்லி மாதிரி மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைப்பதுதான். அப்புறம் ஹாண்ட்வோ, நம் அடைக்கு உறவு. இப்படி உறவு சொல்லிக்கொண்டே போனதில் மூன்றாவது மாதம் வெல்லம் போட்ட பருப்பும் தொண்டையில் இறங்கிவிட்டது.

அடுத்து மேற்கு வங்காளம், ஹால்தியா. அங்கே கடுகு எண்ணெய். பச்சையாக மோந்து பார்த்தால் மூக்கில் சுரீர் என்று ஏறும். அதைப் புகை வரும்வரை காய்ச்சிய பிறகுதான் சமைக்கிறார்கள். அப்போது அந்த நெடி தணிந்துவிடும். ஒருநாள் என்னுடைய தேங்காய் எண்ணெய்ச் சமையலைப் பார்த்து வங்காளி நண்பர் கேட்டார்: "தலையில் தேய்க்கிற எண்ணெயையா சாப்பாட்டில் ஊற்றுகிறாய்?" நான் சொன்னேன்: "நீங்க குழந்தைக்கு உடம்பில் தேய்க்கிற எண்ணெயில்தானே மீன் பொரிக்கிறீங்க?" இரண்டு பேரும் சிரித்தோம். அன்று முதல் ஒருவர் தட்டில் மற்றவர் கைவைக்க ஆரம்பித்தோம்.

வங்காளத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. பாகற்காய் போட்ட ஷுக்தோ என்ற கசப்புக் கூட்டு முதலில். அப்புறம் பருப்பு, பிறகு மீன், கடைசியில் இனிப்புச் சட்னியும் பலகாரமும். நாம் இலை ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற கசப்புக்கு அங்கே முதல் மரியாதை. அதைப் பழகிய பிறகுதான் வீட்டில் அம்மா செய்கிற பாகற்காய்ப் பொரியலின் ருசியே எனக்குப் புரிந்தது. ஊர் சுற்றிய நாக்கு சொந்த ஊரை மறப்பதில்லை. இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டு திரும்பி வருகிறது.

இன்ஜினீயர் பேசுகிறான், கொஞ்சம் விஞ்ஞானமும் வேண்டாமா? லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை ஓரிரு தடவை, சிலவற்றை இருபது தடவை வரை. அதிகத் தடவை ருசித்ததையே குழந்தைகள் அதிகம் விரும்பின. 1987-ல் அவரும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வாயில் வைத்தால்தான் பிடித்துப்போகிறது. மிளகாய்க் காரமும் சுவை அல்ல. சூட்டை உணருகிற நரம்பு முனைகளைத்தான் அது தொடுகிறது. அதனால்தான் "எரியுது" என்கிறோம். அந்த உணர்வியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எரிச்சலையே ஆசையாகச் சாப்பிடப் பழகிய ஜனங்கள் நாம். வெல்லம் போட்ட பருப்புக்கா பயப்படுவது?

இனி, இந்தப் பேச்சை நான் எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2019 முதல் ஒரகடம் பக்கம் கட்டுமானப் பணியில் இருக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய. ஒரு சைட்டில் கான்ட்ராக்டர் மூன்று வேளையும் சோறும் சாம்பாரும்தான் போட்டார். மிச்சம் கொட்டுகிற டிரம் தினமும் நிரம்பி வழிந்தது. "கொடுக்கிறதைத் தின்ன வேண்டியதுதானே, என்ன திமிர்!" என்றார் சூப்பர்வைசர். வடக்கே நான் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு விழித்த நாட்களில் என்னைப் பார்த்தும் இப்படித்தானே யாரோ சொல்லியிருப்பார்கள்!

மறுநாள் அவர்களோடு உட்கார்ந்தேன். கம்பி கட்டுகிற ஒடிசாக்காரர் ஒருவர் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பகாளா என்றார். நம் பழைய சோறேதான்! ஒடிசாவில் மார்ச் 20-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். பீகார்க்காரர்கள் கேட்டதும் பெரிய விருந்தல்ல. ராத்திரிக்கு ரொட்டி; சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து கடுகு எண்ணெய் விட்ட சோக்கா. நம் கத்தரிக்காய்க் கொத்சுக்குச் சகோதரன். கான்ட்ராக்டரிடம் கணக்குப் போட்டுக் காட்டினோம். வீணாகிற சோற்றின் காசிலேயே அது முடிந்தது. டிரம் பாதியாகக் குறைந்தது. ஒடிசாக்காரருக்கு நான் மோர்மிளகாய் கொடுத்தேன். பகாளாவுக்கு அவ்வளவு பொருத்தம்! ஊருக்குப் போகும்போது ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

தம்பி தங்கைகளே, நம் விடுதியிலும் இப்போது வெளிமாநிலப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாகாலாந்துப் பையன் புளிக்க வைத்த சோயாவைத் திறந்தால் மூக்கைப் பொத்தாதீர்கள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது நம் வீட்டு வாசலில் நிற்கிறவனும் மூக்கைப் பொத்தலாம் அல்லவா? முகம் சுளித்தால் சுருங்கிப்போவது அவன் டப்பா மட்டுமா? அதைக் கட்டிக் கொடுத்த அவன் அம்மாவும்தான்.

வெளியூர் போகிறவர்களுக்கு நாலே வார்த்தை. ஒன்று, நல்ல பசியில், நன்றாகச் சமைக்கிற வீட்டில் முதல் தடவை சாப்பிடுங்கள். ஓட்டலை வைத்து ஒரு ஊரை எடை போடாதீர்கள். இரண்டு, நம் சாப்பாட்டுக்கு உறவான ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று, பத்துத் தடவை ருசிக்காமல் "பிடிக்கலை" என்று சொல்லாதீர்கள். நான்கு, விரதம், சைவம், மத நம்பிக்கை என்று ஒதுக்குவதை யாருக்காகவும் விட வேண்டாம். சைவத்துக்குள்ளேயே இந்தியா முழுக்கச் சுற்றி வரலாம்.

மணி ஒன்றாகப் போகிறது. இன்றைய பந்தியில் தெரிந்தவர் பக்கத்தில் உட்காராமல், தெரியாத ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். "உங்க ஊரில் இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும்.