முதல் நாள் வந்த பிள்ளை முழு ஆண்டும் வர வேண்டும்

(ஜவ்வாது மலைத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கல்வியாண்டின் தொடக்க நாளன்று, பெற்றோரை வரவேற்று ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

மரியாதைக்குரிய பெற்றோர்களே, பேரப் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களே, எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்துள்ள ஜமாஅத் நிர்வாகப் பெருமக்களே, ஊர்ப் பெரியவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் முதல் வகுப்புச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் புதிய கல்வியாண்டிற்கு உளமார வரவேற்கின்றோம்.

இன்று வகுப்பறைகள் நிறைந்திருக்கின்றன. புதிய சீருடை, புதிய புத்தகம், புதிய பை எனப் பிள்ளைகளின் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. பள்ளி திறக்கும் நாளில் எல்லாப் பள்ளிகளிலும் காணக்கூடிய காட்சிதான் இது. ஆனால் மலைப்பகுதியில் பணியாற்றும் எங்களுக்கு இந்த நாளில் ஒரு கவலையும் உண்டு. இன்று வந்துள்ள பிள்ளைகள் அனைவரும் தை மாதத்திலும் இதே இடத்தில் அமர்ந்திருப்பார்களா என்பதே அக்கவலை. ஆகவே இன்று உங்களிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் வந்த பிள்ளை முழு ஆண்டும் வர வேண்டும்.

நம் மலையில் பள்ளிகளே இல்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறை தொடங்கிய பள்ளிகள், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் எனப் பலவகைப் பள்ளிகள் இங்கு உருவாகியுள்ளன. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கப்படலாகாது. இடையில் நின்றுபோன பிள்ளை வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். விடுபட்ட பாடங்களுக்குத் தனிப்பயிற்சி பெறலாம். எனவே, "தாள் இல்லை, வயது கடந்துவிட்டது" என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையை அழைத்து வாருங்கள். மற்றவற்றை உங்களோடு சேர்ந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சேர்ப்பது எளிது, தொடர்ந்து வரச் செய்வதுதான் கடினம். ஒரு சிறு கணக்கைச் சொல்லுகிறோம், கேளுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. "மாதத்தில் இரண்டு நாள்தானே போகவில்லை" என்று நாம் நினைக்கிறோம். பத்து மாதத்தில் அது 20 நாள் ஆகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு படிப்பு போய்விடுகிறது. ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது 100 நாள், அதாவது அரை ஆண்டுப் படிப்பு, அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலேயே போயிருக்கும்.

போன நாளைப் பின்னர் ஈடுசெய்து கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் எழுத்துக்கள் 247 என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் 216 உயிர்மெய் எழுத்துக்கள். காலும் கொம்பும் சுழியும் சேரும்போது ஓசை எவ்வாறு மாறுகிறது என்பதைப் பிள்ளை படிப்படியாகத்தான் கற்றுக்கொள்ள முடியும். கொம்பு கற்பிக்கப்படும் இரண்டு வாரங்கள் வராத பிள்ளைக்குக் 'கெ' எது, 'கே' எது என்று தெரியாது. அடுத்த வாரம் பாடத்தில் வரும் சொற்களில் பாதி அதற்கு விளங்காது. விளங்காத பாடத்தில் உட்கார்ந்திருக்கப் பிள்ளைக்கு வெட்கம். வெட்கத்தால் மறுநாளும் வராது. கழித்தல் கணக்கில் கடன் வாங்கும் முறையும் இப்படித்தான். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இப்படி விட்டுப்போன சில நாட்களிலிருந்து தொடங்கியதாகவே இருக்கும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையாளி மக்களின் வீட்டுப் பேச்சு தமிழேயானாலும், பாடப் புத்தகத்தின் தமிழிலிருந்து அது வேறுபட்டது. உருது பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கோ புத்தகத் தமிழ் இன்னும் புதியது. இருவருக்குமே முதல் வகுப்பில் எழுத்தோடு மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டிய சுமை இருக்கிறது. வீட்டுச் சொல்லைப் பேசியதற்காக எந்தப் பிள்ளையும் இங்கு ஏளனம் செய்யப்பட மாட்டாது என்று உங்களுக்கு உறுதி கூறுகின்றோம். வீட்டுச் சொல்லிலிருந்தே புத்தகச் சொல்லுக்கு அழைத்துச் செல்வோம். நீங்கள் செய்ய வேண்டியது, மாலையில் கால் மணி நேரம் பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்பதுதான். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்று என்ன பாடம்?" என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை.

பசியோடு வரும் பிள்ளையால் பாடத்தில் கருத்தூன்ற இயலாது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. காட்டு வேலைக்குப் பொழுது விடியுமுன் புறப்படும் தாய்மார்களுக்கு இதனால் பெரும் ஆறுதல் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த உணவும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தானே கிடைக்கும்!

இனி, நாங்கள் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறோம். சாமை அறுவடை முடிந்ததும் இங்குள்ள குடும்பங்களில் பல பிழைப்புத் தேடிக் கீழ்நாட்டுக்கும், கேரளத்துக்கும், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் செல்கின்றன. மலை நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. ஆகவே, "போகாதீர்கள்" என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் போகுமுன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை உண்டு. பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்ல முடிந்தால் விட்டுச் செல்லுங்கள். முடியாவிட்டால், உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதற்கான வழியை நாங்கள் காட்டுகிறோம். அதுவும் இயலாது, உடன் அழைத்துச் சென்றே தீர வேண்டும் என்றால், மாற்றுச் சான்றிதழை வாங்கிச் செல்லுங்கள். மாநிலத்திற்கு உள்ளேயோ வெளியிலோ இடம் மாறும் பிள்ளைக்கு அங்குள்ள அரசுப் பள்ளியில் சேரும் உரிமையைச் சட்டம் அளித்திருக்கிறது. சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. சொல்லாமல் போகும் பிள்ளையைத்தான் எங்களால் தேட முடிவதில்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அவர்களுள் நம் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்தத் துயரத்தைக் கிளற நாங்கள் விரும்பவில்லை. வேறு வழியில்லாதவனைத் தேடித்தான் தரகன் வருகிறான். எழுதப் படிக்கவும், கூலியைக் கணக்கிடவும், எங்கே எதற்காக அழைக்கிறார்கள் என்று கேட்கவும் தெரிந்த பிள்ளைக்கு, "வேண்டாம்" என்று சொல்லும் வலிமை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

நம்பிக்கை தரும் செய்தியும் நம்மிடம் உண்டு. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பழங்குடிப் பெண், ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பையும் பின்னர் சட்டப் படிப்பையும் முடித்து, 2024ஆம் ஆண்டில் தம் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குச் சென்று அவர் அத்தேர்வை எழுதினார் என்பதை நாடே வியந்து பேசியது. அவரும் ஒரு காலத்தில் 'அ', 'ஆ' எழுதிய பிள்ளைதான்.

நம் மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்து நிற்கிறது. 1988இல் அங்குக் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. அறிவியலாளர்கள் எங்கிருந்தோ வந்து நம் மலையிலிருந்து விண்மீன்களை ஆராய்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் முன் நம் மலைப் பிள்ளையும் ஒருநாள் அமர வேண்டாமா?

பள்ளி என்பது ஆசிரியருக்கு மட்டும் சொந்தமானதன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. கூட்டத்திற்கு வந்து கையொப்பமிட்டுச் செல்வதோடு நின்றுவிடாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் நேரத்திற்கு வருகிறாரா என்று கேளுங்கள். எங்களிடம் கேள்வி கேட்கும் பெற்றோரை நாங்கள் மிகவும் மதிக்கின்றோம்.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும் ஒரு சொல். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எத்தொழிலிலும் குற்றமாகும். நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று அறிவோம். அதற்கும் மேலாக ஒன்றைக் கேட்கிறோம். சாமையும் புளியும் தேனும் கொண்டுவரும் மக்கள் உங்கள் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். எடை போடும்போது, "பிள்ளை பள்ளிக்குப் போகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை கடைத்தெருவில் நின்றால், யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் விசாரித்து எங்களுக்குத் தெரிவியுங்கள். ஆசிரியர் நூறு முறை சொல்வதைவிட, ஊர் ஒரு முறை கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

பெற்றோர்களே! இன்று மாலை வீடு திரும்பும்போது பிள்ளை பையைக் கழற்றி வைக்கும். நாளைக் காலை அதே பையை மீண்டும் தோளில் மாட்டி அனுப்புங்கள். மறுநாளும் அனுப்புங்கள். வராத நாளில் நாங்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்போம். அதற்காக எங்கள் மீது கோபம் கொள்ளாதீர்கள். உங்கள் நம்பிக்கையைக் காக்க எங்களால் இயன்ற அனைத்தையும் செய்வோம் என்று கூறி, மீண்டும் உங்கள் அனைவரையும் வரவேற்று அமைகின்றோம்.