முகமூடியும் மணியார்டரும்



ஊரை விட்டு வந்த ஒருவர் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது, எந்த மொழியில் எழுதுவது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்தறியாதவர் நிலைமை வேறு. பிறர் கையால், சில வேளை பிறர் மொழியாலும், அவர் தம் உள்ளத்தை அனுப்ப வேண்டியவராகிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் செனெகால் நாட்டுத் திரைப்பட இயக்குநர் உஸ்மான் செம்பேன் இந்த நிலைமையைத் தம் கலைக்குக் கருவாக்கினார். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

செம்பேன் 1923-இல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். மார்சேல் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூலியாளாக இருந்துகொண்டே நூல்களைக் கற்றார். 1956-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல்கள் புகழ் தந்தன. ஆனால் அவருடைய மக்களுள் பெரும்பாலோர் அவற்றைப் படிக்க இயலாதவர்கள். ஆகவே, நாற்பது வயதை நெருங்கும் வேளையில் மாஸ்கோ சென்று படக்கலை பயின்றார்.

அந்நாட்டில் 'கிரியோ' எனப்படும் மரபினர் உண்டு. குல வரலாற்றை மனத்தில் வைத்துப் பாடிப் பரிசில் பெறுவோர். நம் பாணர்களை நினைவூட்டுவோர். செம்பேன் தம்மைக் கிரியோவுக்கு ஒப்பிட்டுக்கொண்டவர். ஆயினும், 1963-இல் எடுத்த 'போரோம் சரேத்' என்னும் குறும்படத்தில் ஒரு கிரியோ, டக்கார் நகர வண்டிக்காரன் ஒருவனுடைய முன்னோர் வீரத்தைப் புகழ்ந்து பாட, அவ்வேழை தன் கைப்பொருளை எல்லாம் கொடுத்துவிடுகிறான். தாம் பெற்ற மரபிலேயே குறை காணும் இத்துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது. அதே படத்தில், ஏழைகளின் பகுதியில் நாட்டு நரம்புக் கருவி ஒலிக்கும். வசதி படைத்தோர் வாழும் மேட்டுப் பகுதிக்கு வண்டி சென்றதும் மேனாட்டு இசை எழும். நகரம் இரண்டாய்ப் பிளந்து கிடப்பதை இசையே சொல்லிவிடுகிறது.

1966-இல் வந்த படத்தில் தியுவானா என்னும் இளம்பெண் டக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்கிறாள். தம் நாட்டு முகமூடி ஒன்றை அவர்களுக்கு அன்பளிப்பாகத் தருகிறாள். பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டபின் அவள் நான்கு சுவர்களுக்குள் அடைபடுகிறாள். முகமூடியும் வெள்ளைச் சுவரில் தனியே தொங்குகிறது. தாயின் கடிதம் வருகிறது. எசமானர் படித்துக் காட்டுகிறார். அவளைக் கேளாமலே பதிலும் எழுதத் தொடங்குகிறார். அவள் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்காட்சி நெஞ்சில் தைத்தது. சிறுவயதில் அண்டை வீட்டுப் பாட்டிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததுண்டு. அவர் சொன்னதை 'நல்ல தமிழில்' திருத்தி எழுதிவிட்டு அதைப் பெருமையாகவும் எண்ணினோம். வாசித்துக் காட்டியபோது, "நான் இப்படியா சொன்னேன்?" என்று அவர் கேட்டார். அன்று சிரித்தோம்.

தியுவானா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எசமானர் முகமூடியை டக்காருக்குக் கொண்டுவருகிறார். தாய் அவர் நீட்டிய பணத்தை வாங்க மறுக்கிறாள். ஒரு சிறுவன் முகமூடியை அணிந்து, அவர் போகும் வழியெல்லாம் பின்தொடர்கிறான். காட்சிப் பொருளாய் இருந்தது சாட்சியாக மாறிவிடுகிறது.

இப்படத்தில் ஒரு முரண்பாடு உண்டு. தியுவானாவின் மனக்குரலும் பிரெஞ்சிலேயே ஒலிக்கிறது! 1968-இல் 'மந்தாபி' வந்தபோதுதான் செம்பேனின் மாந்தர் தம் வோலோஃப் மொழியில் பேசினர். மந்தாபி என்றால் மணியார்டர். பிரெஞ்சுச் சொல்லை அம்மக்கள் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். நாம் மட்டும் என்ன செய்தோம்? பாரிசில் தெருக் கூட்டும் மருமகன் 25,000 பிராங்கு அனுப்புகிறான். அடையாளச் சீட்டு இல்லாத மாமனுக்கு அது கைக்கு எட்டவில்லை; அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். உடன்வந்த கடிதத்தையும் அவருக்குப் படிக்கத் தெரியாது. அஞ்சலகத்தில் ஒருவர் கூலிக்கு வாசிக்கிறார். இம்முறை, வாசிப்பதைக் கேட்கும் டக்கார் மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.