ஆள் அளவுக்கு ஒரு பழைய ரேஸ் சைக்கிள்

1960களிலும் 70களிலும் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளின் பட்டறைகளில் செய்த எஃகு ரேஸ் சைக்கிள்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். பெயின்ட் எந்த நிறம், பிரேக் எந்த ஆண்டைச் சேர்ந்தது, ஃபிரேமில் ஒட்டிய எழுத்து அசல்தானா என்றெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்காரப் போகிறவரின் காலும் கையும் முதுகும் எவ்வளவு நீளம் என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, சில வேளைகளில் வருவதே இல்லை. பழைய சைக்கிளை ஓட்டுபவரின் உடலுக்குப் பொருத்தி அமைப்பது தனியான ஒரு கலை. அது வண்டியின் பழமைக்குக் கேடு செய்வதில்லை. அந்த வண்டி பிறந்த காலத்து வழக்கத்தையே தொடர்கிறது. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்தக் காலத்தில் உயர்ந்த ரகப் பந்தய சைக்கிள் எப்படி விற்பனையானது என்பதிலிருந்து தொடங்கலாம். வாங்குபவர் முதலில் ஃபிரேமையும் ஃபோர்க்கையும் மட்டும் வாங்குவார். வசதி இருந்தால் தன் அளவுக்கே செய்யச் சொல்வார். பிறகு சீட், பெடல், ஹேண்டில்பார், அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் எல்லாவற்றையும் கடைக்காரரோடு பேசித் தேர்ந்தெடுப்பார். சினெல்லி போன்ற இத்தாலிய நிறுவனங்கள் ஸ்டெம்களைப் பல நீளங்களில் செய்ததற்குக் காரணம், கைகள் பல நீளங்களில் இருப்பதுதான். ஆகவே ஒரு பழைய வண்டியில் இன்று 12 சென்டிமீட்டர் ஸ்டெம் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் வண்டி முதலில் யாருக்காகப் பூட்டப்பட்டதோ அவருடைய உடம்பின் அளவு. பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் இதற்கு நல்ல சாட்சி. 1969 செப்டம்பரில் பிரான்ஸின் ப்ளுவா நகர ஓடுதளத்தில் நடந்த விபத்தில், அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் இறந்தார். மெர்க்ஸின் முதுகும் இடுப்பும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதன் பிறகு பந்தயம் நடக்கும்போதே ஆலன் கீயை எடுத்து சீட்டின் உயரத்தை மாற்றிக்கொள்வது அவர் வழக்கமானது. மாஸி, கொல்னாகோ, டி ரோசா என்று இத்தாலியின் தலைசிறந்த பட்டறைகள் அவருக்கு வண்டி செய்து கொடுத்திருக்கின்றன. அவ்வளவு நல்ல வண்டிகளையும் அவர் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார்.

அமைக்கும் வேலை காலிலிருந்து தொடங்க வேண்டும். சீட்டின் உயரத்துக்கு இரண்டு பழைய கணக்குகள் உண்டு. 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர், கவட்டிலிருந்து தரை வரையுள்ள அளவில் 109 சதவீதத்தை, கீழே இருக்கும் பெடலுக்கும் சீட்டின் மேற்பரப்புக்கும் இடையிலான தூரமாக வைக்கச் சொன்னார்கள். 1980களில் பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டும் பரப்பிய கணக்கு வேறு: அதே கவட்டளவை 0.883ஆல் பெருக்கி, அந்தத் தூரத்தைப் பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். கவட்டளவு 80 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கணக்கில் 87.2, அதில் கிராங்கின் நீளம் 17ஐக் கழித்தால் 70.2. இரண்டாவதில் 70.6. வெவ்வேறு வழியில் வந்த இரண்டும் அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. அப்படியானால் சூத்திரமே போதாதா, கலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சூத்திரத்துக்கு ஷூவின் அடித்தட்டுத் தடிமன் தெரியாது; பாதத்தின் நீளம் தெரியாது; மிதிக்கும்போது குதிகாலை உயர்த்துபவரா தாழ்த்துபவரா என்பதும் தெரியாது. புதிதாக இருக்கும்போது கல்போல் இருக்கும் ப்ரூக்ஸ் தோல் சீட், ஓட்ட ஓட்டக் குழிந்து சில மில்லிமீட்டர் இறங்குகிறது, அதையும் அது அறியாது. சூத்திரம் தொடங்கும் இடத்தைத் தருகிறது. அதற்குப் பிறகு முழங்காலைத்தான் கேட்க வேண்டும்: முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம்.

இங்கே ஒரு வடிவியல் உண்மையைக் கவனிக்க வேண்டும், எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. இந்த வண்டிகளில் சீட் குழாய் ஏறத்தாழ 73 பாகையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சீட்டைத் தாங்கும் சீட் பில்லரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் சீட் மேலே போவதோடு 3 மில்லிமீட்டர் பின்னாலும் போகிறது. முன்னால் ஃபோர்க் குழாயும் அநேகமாக அதே சாய்வில் இருப்பதால், ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் ஹேண்டில்பாரும் 3 மில்லிமீட்டர் பின்னே வருகிறது. இரண்டையும் ஒரே அளவு உயர்த்தினால் இடைவெளி மாறாது. ஒன்றை மட்டும் உயர்த்தினால் மாறும். ஒரு திருகைத் தொட்டால் மூன்று அளவுகள் அசைகின்றன. சீட் எவ்வளவு பின்னே இருக்க வேண்டும் என்று அறிய, முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கும் வழக்கத்தை அமெரிக்க சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் வெறும் கட்டுக்கதை என்று விமர்சித்தார். கால் சுழலும்போது அந்த ஒரு புள்ளிக்கு இயற்பியலில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பது அவர் வாதம். அது சரியென்றே நினைக்கிறேன். கைகளில் அதிகப் பாரம் இறங்காமல் உடல் சீட்டின் மேல் சமநிலையில் நிற்கிறதா என்பதே மேலான சோதனை.

ஹேண்டில்பாரை உயர்த்தும் வேலை எளிது போலத் தோன்றும். ஸ்டெம்மின் உச்சியிலுள்ள போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பு விடுபட்டு ஸ்டெம் நகரும். ஆனால் அலுமினிய ஸ்டெம் எஃகுக் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் பல ஆண்டுகள் வியர்வையிலும் மழையிலும் இருந்திருந்தால், இரு உலோகங்களும் அரித்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது பலத்தைக் காட்டக் கூடாது, ஊறும் எண்ணெயும் பொறுமையும்தான் வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஸ்டெம்மில் பொறித்த கோட்டுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இழுக்கக் கூடாது. ஸ்டெம் ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். வேறு ஸ்டெம் போடுவதானால் விட்டத்தையும் பார்க்க வேண்டும்: பிரெஞ்சு வண்டிகளின் ஸ்டெம் விட்டம் 22.0 மில்லிமீட்டர், இத்தாலிய, ஆங்கிலேய வண்டிகளுக்கு 22.2. சீட் பில்லரிலும் இப்படித்தான். ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 531 எஃகுக் குழாயில் செய்த நல்ல ஆங்கிலேய ஃபிரேம்கள் பலவற்றுக்கு 27.2 மில்லிமீட்டர் பில்லர் பொருந்தும், 27.0ஐப் போட்டு முறுக்கினால் பிடிப்பான் நசுங்கும்.

அசல் பாகத்தைக் கழற்றினால் வண்டியின் மதிப்பு குறையாதா என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். கழற்றிய ஸ்டெம்மைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். திரும்பச் சரிசெய்ய முடியாத காரியங்கள்தாம் தவறு: ஃபிரேமில் துளை போடுவது, குழாயை வளைப்பது, குரோமைச் சுரண்டுவது. இப்போதைய சைக்கிளில் இவ்வளவு சிரமம் இல்லையே என்பது இன்னொரு கேள்வி. ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். புதிய ஸ்டெம்மின் முகப்பை நான்கு போல்ட்டில் கழற்றி ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பழையதில் ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பை அவிழ்த்து, ஒரு பக்கத்து பிரேக் லீவரையும் கழற்றினால்தான் ஸ்டெம் வெளியே வரும். ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை பழையதே தாராளம். புதிய வண்டியின் ஃபோர்க் குழாயைக் கடையில் குட்டையாக வெட்டிவிட்டால் அதோடு முடிந்தது. பழைய ஸ்டெம்மோ கோட்டுக்குள் எங்கும் நிற்கும். நிட்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் நீண்ட தண்டுள்ள ஸ்டெம்களையும் செய்கிறது. இதற்கும் எல்லை உண்டு. ஃபிரேமே மிகப் பெரிதாக, மேல்குழாயைக் கால் தாண்டி நிற்க முடியாத அளவில் இருந்தால், எந்த ஸ்டெம்மும் உதவாது; அந்த வண்டியை உயரமான இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதே நேர்மை.

எதையும் தளர்த்துவதற்கு முன் இருக்கும் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் மூன்று நான்கு மில்லிமீட்டர், பிறகு சில நாள் ஓட்டம். ஸ்டெம் உயர்ந்தால் பிரேக் கேபிள் போதுமா என்று ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் பொருந்தி, இனி ஸ்டெம்மைக் கழற்ற வேண்டியதில்லை என்று கையும் முதுகும் சொன்ன பிறகு, ஹேண்டில்பாரின் நுனியிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் புதிய டேப்பைச் சுற்றலாம்.