பிறந்த சிசுவின் எடையும் ஊராரின் பொறுப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊரில் குழந்தை பிறந்தால், ஆணா பெண்ணா என்று முதலில் வினவுகிறோம். எடை எவ்வளவு என்று கேட்போர் மிகச் சிலர். ஆயினும் அச்சிசுவின் நலத்தைப் பற்றி முதற்செய்தி கூறுவது அந்த எடையே.

2.5 கிலோவுக்குக் குறைந்து பிறப்பதை எடைக்குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இத்தகைய சிசுவின் உடலில் கொழுப்புக் குறைவு. ஆதலால் சூடு விரைவில் தணிந்துவிடும். பால் உறிஞ்சும் வலிமையும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறைவு. வளர்ச்சியும் தாமதப்படலாம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில், 1911 முதல் 1930 வரை பிறந்தோரின் எடையைக் குறித்த பதிவேடுகளை டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். எடை குறைந்து பிறந்தவர்களிடையே பிற்காலத்தில் இருதய நோயால் மரணம் மிகுந்திருந்ததை 1989-இல் வெளியிட்டனர். எளிய பதிவேடு ஒன்று எத்துணைப் பயன் தந்தது பாருங்கள்!

பெரிய குழந்தையெல்லாம் நல்ல குழந்தை என்பதும் தவறு. தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பின் சிசு 4 கிலோவுக்கு மேலும் பெருக்கலாம். அதற்கும் கவனிப்பு வேண்டும்.

எடை ஏன் குறைகிறது? 37 வாரம் நிறையுமுன் பிறப்பது ஒரு காரணம். கருவிலேயே போதிய வளர்ச்சி பெறாமை மற்றொன்று. இரத்தசோகை, போதாத உணவு, ஓய்வற்ற வேலை, இளவயதுக் கர்ப்பம், அடுத்தடுத்த பேறு, இரத்த அழுத்தம் ஆகியன இதற்கு ஏதுவாகின்றன. "அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும்" என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது சிசுவுக்கும் தாய்க்கும் கேடு. நாற்று மெலிந்தால் நாம் நாற்றங்காலைப் பார்க்கிறோம், நாற்றைப் பழிப்பதில்லை. அவ்வாறே தாயின் மீதும் பழி சுமத்தலாகாது.

மெலிந்த நாற்றும் பராமரிப்பால் தேறும். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர்கள், சிசுவைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படும்படி அணைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மிகச் சிறிய சிசுக்களுக்குப் பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கியதால் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இதற்குத் தேவை தாயின் மார்பும் ஒரு துணியுமே.

முதல் 24 மணி நேரம் சிசுவைக் குளிப்பாட்டுதல் ஆகாது. சேனை வைத்தலும் கழுதைப்பாலும் வேண்டா. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தருக. உறிஞ்ச இயலாவிடில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டுக. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பழைய எடை திரும்பாவிடினும், சிசு பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை யாது? ஊரிலுள்ள கர்ப்பிணிகள் அனைவரும் தொடக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துள்ளனரா, இரும்புச்சத்து மாத்திரை உண்கின்றனரா, அங்கன்வாடி உணவு பெறுகின்றனரா என்று கவனித்தல். அங்கன்வாடியின் எடைக்கருவி பழுதின்றி இருக்கச் செய்தல். 18 வயதுக்கு முன் திருமணம் நிகழாது தடுத்தல். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, அக்கறையே தேவை.

அடுத்த கிராம சபையில், இவ்வாண்டு பிறந்த குழந்தைகளின் எடையையும் விசாரிப்போமாக. வாய்க்காலும் சாலையும் போலவே இதுவும் நம் ஊரின் அபிவிருத்தியே ஆகும்.