லடாக் சுற்றுலாவும் நீர்க் கணக்கும்

மூடிக்கிடந்த ஒரு பகுதியைப் பயணிகளுக்குத் திறந்துவிட ஓர் அரசாணை போதும். ஆனால் வந்து சேரும் கூட்டத்தைத் தாங்கும் ஆற்றலை எந்த ஆணையாலும் அப்பகுதிக்கு அளித்துவிட இயலாது. இவ்வுண்மைக்குத் தக்க சான்று லடாக்.

எல்லைப் பகுதி என்பதால் வெளியாருக்கு மூடப்பட்டிருந்த லடாக், 1974-ஆம் ஆண்டு சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. நூப்ரா பள்ளத்தாக்கும் பாங்காங் ஏரியும் 1994-இல் திறக்கப்பட்டன. முதல் ஆண்டில் லடாக்குக்குச் சில நூறு பேரே வந்தனர். 2022-இல் வந்தோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள் தொகையோ 2,74,289 மட்டுமே. வீட்டாரைவிட விருந்தினர் மிகுதி. அவர்களும் பெரும்பாலும் கோடை மாதங்களிலேயே வந்து குவிகின்றனர்.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆண்டுக்கு ஒரு போக வாற்கோதுமையை நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வாடகை வண்டியும் விடுதியும் வழிகாட்டும் பணியும் ரொக்க வருமானம் தந்துள்ளன. ஆயினும் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விட்டால் கணக்கு நேராகாது. இங்கு முதன்மையான செலவு தண்ணீரே.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ப் பாலைவனம். ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனி உருகி வரும் ஓடைநீரே வேளாண்மைக்கு ஆதாரம். அந்நீரை வயல்தோறும் முறைவைத்துப் பங்கிட, 'சுர்போன்' எனப்படும் பொறுப்பாளரை ஊராரே அமர்த்துவது மரபு. அங்குள்ள மரபுவழிக் கழிப்பிடத்திலும் நீர் செலவாவதில்லை. மண்ணைத் தூவி மட்கச் செய்து, வயலுக்கு எருவாக இடுவர்.

நீரூற்றிக் கழுவும் கழிவறையையும் நாள்தோறும் குளியலையும் எதிர்பார்க்கும் பயணிகளுக்காக விடுதிகள் ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டின. நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதோடு, கழிவுத் தொட்டிகளிலிருந்து கசியும் நீரால் அது மாசுபடவும் நேர்கிறது. ஆதாயம் விடுதி உரிமையாளரைச் சேர்கிறது. ஊற்று வற்றினால் இழப்பு ஊர் முழுவதையும் சேர்கிறது. அறைக்கட்டணத்தில் இடம்பெறாத இச்செலவையே பொருளியலார் புறச்செலவு என்பர்.

தீர்வுக்கான வழி லடாக் மக்களின் மரபிலேயே உள்ளது. ஹெமிஸ் தேசியப் பூங்காவைச் சார்ந்த சிற்றூர்களில், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குடும்பங்கள் தம் இல்லங்களில் பயணிகளைத் தங்கவைக்கின்றன. நீரைப் பங்கிட்டது போலவே விருந்தினரையும் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஏற்கும் ஏற்பாடு அங்கு வகுக்கப்பட்டது. வருமானம் பலருக்குப் பரவுகிறது. பழைய கழிப்பிட முறையும் காக்கப்படுகிறது. தம் ஆடுகளைக் கொல்லும் பனிச்சிறுத்தையைப் பகையாகக் கருதிய மக்கள், பயணிகளை ஈர்க்கும் அதனைக் காக்கவும் முன்வந்துள்ளனர்.

பயணிக்கும் கடமை உண்டு. பல இடங்களைப் பறந்து பார்ப்பதினும் சில ஊர்களில் நின்று தங்குதல், வாளி நீரோடு அமைதல், ஓடையில் சவர்க்காரம் கலவாதிருத்தல், கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துச் செல்லுதல் ஆகியவை எளியவை. ஆனால் பயன் மிக்கவை.

எனினும் பயணியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் திட்டம் தீட்டலாகாது. புதிய விடுதிக்கு அனுமதி அளிக்குமுன் எத்தனை படுக்கைகள் என்று கேட்கும் அலுவலர், அவற்றுக்கு நீர் எங்கிருந்து வரும், கழிவு எங்குச் செல்லும் என்றும் கேட்டாக வேண்டும். கிணற்று நீரை அளவிட்டுக் கட்டணம் விதிப்பதும், அத்தொகையை நீர்நிலைப் பாதுகாப்புக்கே செலவிடுவதும் தக்க அடுத்த படிகள். இனித் திறக்கப்படும் ஒவ்வோர் எல்லைச் சிற்றூரிலும் இக்கணக்கு முதல் பயணி வருமுன்னரே எழுதப்படல் வேண்டும். ஊற்று வற்றிய பின் எழுதும் கணக்கால் எவருக்கும் பயனில்லை.