ஒத்திகைக்கும் கைகொடுப்போம்



தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளை போதும். நாடகப் போட்டிக்கோ ஒரு கூட்டமே வேண்டும். மத்தளம் அடிப்பவளுக்கும் திரை இழுப்பவளுக்கும் அதில் பங்குண்டு. வகுப்பில் வாய் திறவாதவளும் மேடையில் பேசுவாள்.

1985இல் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’, ஊர் மனதில் அடக்கி வைத்திருந்ததைப் பேசியது. நம் வன்னிப் பிள்ளைகளிடமும் சொல்லாத கதைகள் உண்டு.

மற்றவளின் வசனம் முடியும்வரை காத்திருக்க ஒத்திகையில் பழகினேன். நோயாளர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க இன்று அதுவே கைகொடுக்கிறது.

இப்போது ரியூசன் ஒத்திகை நேரத்தை விழுங்குகிறது. பொழுதுபட்டால் தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் இல்லை. கட்டடத்துக்குக் கொடுக்கும் நாம், அவர்களை வீடு சேர்க்கும் வாகனத்துக்கும் கொடுப்போம். கேடயம் வராவிட்டாலும் பிள்ளைகள் பேசப் பழகுவார்கள்.