சென்னையின் உறவு ஊர்கள்



நம் சென்னைக்கு வெளிநாடுகளில் சகோதர நகரங்கள் உண்டு. ரஷ்யாவின் வோல்கோகிராடு 1960களிலேயே நம்மோடு இணைந்தது. அமெரிக்காவின் டென்வர் 1984இல் சேர்ந்தது. சான் அன்டோனியோவும் கோலாலம்பூரும் பிறகு வந்தன. முறைப்படி கையெழுத்திட்டு, மாலை மரியாதையோடு ஏற்றுக்கொண்ட உறவுகள் இவை. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இப்படி ஓர் உறவு இருப்பதே தெரியாது. நிச்சயதார்த்தம் முடிந்து வருடக்கணக்காகியும் கல்யாணம் நடக்காத வீடு போல நம் பக்கம் கிடக்கிறது.

டென்வருக்கும் வோல்கோகிராடுக்கும் நம்மைவிட மூத்த உறவு ஊர்கள் இருக்கின்றன. அந்த உறவுகள் தொடங்கிய விதத்தை இன்று பட்டம் பெறும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றே வந்திருக்கிறேன்.

முதலில் டென்வரின் கதை. பிரான்ஸின் மேற்கு முனையில், அட்லாண்டிக் கரையோரம், பிரெஸ்ட் என்று ஒரு துறைமுகம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கிக் கப்பல் தளம் அமைத்தார்கள். அதனால் நேச நாட்டு விமானங்கள் ஆண்டுக்கணக்கில் அந்த ஊரின் மேல் குண்டு பொழிந்தன. 1944 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அமெரிக்கப் படை அதை முற்றுகையிட்டு மீட்டபோது, மீட்பதற்கு அங்கே ஊர் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. வீடிழந்தவர்கள் மரக்கொட்டகைகளில் பல ஆண்டுகள் குடியிருந்தார்கள். விடுவித்தவர்களின் குண்டுகளே வீட்டையும் இடித்திருந்தால் அந்த மக்கள் அவர்களை எப்படி நினைத்துக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1947இல் டென்வரின் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை அமாண்டா க்னெக்ட் பிரெஸ்டுக்குப் போனார். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளாகியும் ஊர் எழுந்து நிற்கவில்லை. திரும்பி வந்து தன் மாணவர்களிடம் சொன்னார். அந்தப் பிள்ளைகள் ஐந்து சென்ட், பத்து சென்ட் காசுகளாகச் சேர்த்தார்கள். சேர்ந்த தொகை 32,000 டாலர். எல்லாமே பத்து சென்ட் காசுகள் என்று வைத்துக்கொண்டாலும் 3,20,000 காசுகள்! பிரெஸ்ட் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைத் திரும்பக் கட்டுவதற்கு அந்தப் பணம் போனது. இரண்டு ஊர்களும் முறைப்படி சகோதர நகரங்களானது 1948இல், அதாவது காசு சேர்ந்த பிறகு. உங்களைவிட வயதில் சிறியவர்கள் முதலில் செய்தார்கள், பெரியவர்கள் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

வோல்கோகிராடின் கதை இதைவிடக் கொஞ்சம் முந்தியது. அப்போது அதன் பெயர் ஸ்டாலின்கிராடு. இங்கிலாந்தில் கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த கோவென்ட்ரி நகரம், 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் எரிந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பழைய தேவாலயம் கூரையிழந்து வெறும் சுவராக நின்றது. அந்த ஊர்ப் பெண்கள்தான் போரில் ஸ்டாலின்கிராடு படும் பாட்டைச் செய்தியில் கேட்டபோது சும்மா இருக்க முடியாமல் ஒரு மேசை விரிப்பை எடுத்தார்கள். மேயராக இருந்த எமிலி ஸ்மித் முன்னின்றார். 830 பெண்களின் பெயர்கள் அந்தத் துணியில் நூலால் தைக்கப்பட்டன. பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேல் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் நடுவே தைத்து, திரட்டிய பணத்தோடு அனுப்பிவைத்தார்கள். 1944இல், போர் முடிவதற்கு முன்பே, இரண்டு நகரங்களும் இணைந்தன. இன்றைய சகோதர நகர இயக்கத்துக்கு இதையே தொடக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். வோல்கோகிராடிலுள்ள ஸ்டாலின்கிராடு போர் அருங்காட்சியகத்தில் அந்த விரிப்பு இருக்கிறது.

அந்த 830 பேரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்களில் பலர் வீடுகளும் குண்டுவீச்சில் சேதமாகியிருந்தன, ரேஷன்தான் சாப்பாடு, வீட்டு ஆண்கள் பலர் போர்முனையில். ரஷ்ய மொழியில் அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சொல்லாவது தெரிந்திருக்கும்? ஆனாலும், உன் கஷ்டம் எனக்குத் தெரியும் என்று இன்னொரு ஊருக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது. தன் பெயரைத் துணியில் தைத்து அனுப்பத் தோன்றியிருக்கிறது.

மனத்தை வருத்தும் ஒரு செய்தியையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பனிப்போர்க் காலம் முழுவதும் தாக்குப்பிடித்த அந்த உறவை, 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு கோவென்ட்ரி மாநகராட்சி நிறுத்திவைத்தது. ஊர்களுக்கிடையிலான நட்பு போரைத் தடுத்துவிடாது. தடுக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதே கோவென்ட்ரி 1959இல் யாரோடு கைகோத்தது தெரியுமா? நேச நாட்டு விமானங்கள் 1945 பிப்ரவரியில் எரித்த ஜெர்மானிய நகரமான டிரெஸ்டனோடு. அங்கே சுமார் 25,000 பேர் இறந்தார்கள். 1965இல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டுவீச்சில் சிதைந்த மருத்துவமனை ஒன்றைக் கட்டும் வேலையில் உடலுழைப்பாகப் பங்கெடுத்தார்கள். நிறுத்திவைக்கப்பட்ட உறவு மறுபடி தளிர்க்கும் நாள் வந்தால், அப்போதும் இப்படிச் சிலர் தேவைப்படுவார்கள்.

சகோதர நகரம் என்றதும் நம் ஊரில் வெளிநாட்டுப் பயணம், சால்வை, குழுப் புகைப்படம் என்றுதான் நினைப்பு போகிறது. எத்தனை வீட்டுக் கதவுகள் திறந்தன என்பதே என் கணக்கு. நன்றாக நடக்கும் ஊர்களில் மாணவர் பரிமாற்றம் என்றால், பிள்ளை ஹோட்டலில் தங்குவதில்லை; ஒரு குடும்பத்தோடு இருக்கும், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடும், தாமதமாக வந்தால் திட்டும் வாங்கும். டென்வரில் ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தன்னார்வலர்கள் கொண்ட ஒரு குழு இருக்கிறது. நம் ஊரின் பெயரில் அங்கே ஒரு பூங்காவும் இருக்கிறது.

உங்களில் பலர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ வெளிநாடு போவீர்கள். நம் ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்து, வார இறுதியில் ஒன்றாகச் சமைத்து, தமிழ்ச் சங்க விழாவுக்குப் போய் வருவீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குள்கூடப் போகாமல் ஐந்து வருடம் இருந்துவிட்டு வராதீர்கள். டென்வருக்குப் போனால் அந்தக் குழுவைத் தேடிப் போங்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறவர்கள், பக்கத்திலிருக்கும் எஸ்லிங்கன் நம் கோயம்புத்தூரின் சகோதர நகரம் என்பதை நினைவில் வையுங்கள். நீங்களாகப் போய்ப் பேசினால் அங்கே உங்களை வரவேற்க ஆள் இருக்கும்.

இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் மாணவர்கள் நம் ஊருக்குப் படிக்க வருகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு அவர்கள் படும் அலைச்சலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று ஆண்டுகள் நம்மோடு ஒரே பேருந்தில் வந்து, ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, ஒரு நாள்கூட ஒரு சென்னை வீட்டில் இலை போட்டுச் சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். இதற்கு மாமன்றத் தீர்மானம் எதுவும் வேண்டாம், வீட்டில் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், வருகிற பொங்கலுக்கு அவரை வீட்டுக்கு அழையுங்கள். சகோதர நகரக் குழு ஒன்றை இந்தக் கல்லூரியில் தொடங்க நீங்கள் முன்வந்தால், மாநகராட்சிக்கு எழுத வேண்டிய முதல் கடிதத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.